மேதையின் மென்மனம்

விழுப்புரம் வழியாகச் சென்னை எழும்பூரை அடையும் இருப்புப்பாதை நம் ஊரப்பாக்கத்தைத் தொட்டே செல்கின்றது. அத்தடத்தில் நாள்தோறும் கல்லூரிக்கு வரும் மாணவர்கள், குடந்தையில் வளர்ந்து சென்னையில் பணிதேடிய கணிதமேதை சீனிவாச இராமானுசனை ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் தகும். அவர்தம் அறிவை உலகறியும். உள்ளத்தை அறிந்தோர் சிலரே.

1887 திசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்த இராமானுசன், பள்ளிப் பருவத்திலேயே கார் என்பார் தொகுத்த கணித நூலைக் கற்று, அதன் தேற்றங்களைத் தாமே நிறுவினார். இஃது அறிவுக்கூர்மை. தோழனொருவன் கணக்கில் ஒரு மதிப்பெண் மிகுதியாகப் பெற்றதற்கு மனமுடைந்து அழுதவரும் அவரே. கல்லூரி உதவித்தொகையை இழந்தபோது, 1905இல் எவரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். இஃது உணர்வுநுண்மை.

இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் உளர். முன்னது, பிறர் காணாததைக் காணும் ஆற்றல். பின்னது, பிறரைத் தீண்டாத சிறு காற்றும் தம்மைச் சுடும் இயல்பு. ஒருவரிடத்தே இரண்டும் அமையலாம்; ஒன்றிருந்து மற்றொன்று இல்லாமலும் போகலாம். உணர்வுநுண்மை நோயன்று, பிறவியியல்பே என உளவியலாளர் எலைன் ஆரன் 1990களில் எடுத்துரைத்தார்.

1914இல் கப்பலேறிக் கேம்பிரிட்சு சென்ற இராமானுசன், ஒருநாள் நண்பர்க்குத் தம் கையால் சமைத்து விருந்திட்டார். வந்திருந்த பெண்டிர் மூன்றாம் முறை இரசம் வேண்டாமென்றனர். அதனையே அவமதிப்பாக எண்ணி, விருந்தினரை விட்டுவிட்டு ஆக்சுபோர்டு சென்றுவிட்டார். பேராசிரியர் ஆர்டி அவர்தம் கணிதத்தை உடனே உணர்ந்தார். ஆயினும், போர்க்காலத் தனிமையும் நோயும் அவ்வுள்ளத்தை அரித்ததைத் தடுப்பார் இலர். 1918இன் தொடக்கத்தில் உயிரை மாய்த்துக்கொள்ள முனைந்து காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டில் அரச கழகத்தின் உறுப்பினர் தகுதி அவரை வந்தடைந்தது. 1919இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்பிரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில், தம் 32ஆம் அகவையில் மறைந்தார்.

இன்றைய அளவுகோலால் அவருக்குப் பெயர் சூட்டுதல் நம் நோக்கமன்று. நம் வகுப்பறையிலும் இருவகையினரும் உளர். கூரிய அறிவுடையானுக்குக் கடினமான கணக்கைக் கொடுக்கின்றோம். அது போதுமெனவும் எண்ணிவிடுகின்றோம். நொந்த உள்ளத்தைக் கணக்கு ஆற்றாது. மதிப்பெண் குறைந்த மாணவனிடத்தும் அத்தகைய மென்மனம் இருக்கலாம். அதனைக் கோழைமை என இகழ்தல் கூடாது. அறிவைப் போற்றப் பரிசுகள் பல உண்டு. மனத்தைக் காக்க, அருகமர்ந்து கேட்கும் ஒருவர் வேண்டும். அவ்வொருவராக நாம் இருப்போமாக.