இலக்கறிந்த மருந்து

நுழையும்முன்

நோயை அழிக்கும் மருந்து நோயாளியையும் வருத்துவது ஏன்? நோயை மட்டும் தேடிச்சென்று தாக்கும் மருந்தை ஆக்க இயலாதா? இவ்வினாவுக்கு விடை காணத் தம் வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

சாயம் காட்டிய வழி

பால் எர்லிக் 1854ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள் ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அந்நாளில் பிரஷ்ய நாட்டில் இருந்த அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. அவருடைய உறவினரான கார்ல் வெய்கர்ட், உடல் திசுக்களுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர். அக்கலையில் இளமையிலேயே எர்லிக்கின் உள்ளம் படிந்தது.

மருத்துவம் பயின்றபோது அவர் ஒரு புதுமையைக் கண்டார். ஒரு சாயம் ஒருவகை உயிரணுவில் படிந்தது; அதன் அருகிலிருந்த வேறுவகை உயிரணுவைத் தீண்டவில்லை. சாயம் தனக்குரிய இடத்தைத் தேர்ந்து சேருமாயின், மருந்தும் நோய்க்கிருமியை மட்டும் தேர்ந்து சேரலாம் அன்றோ? இவ்வெண்ணமே அவருடைய ஆய்வுகள் அனைத்திற்கும் வேராயிற்று. 1878இல் சாயங்களைப் பற்றிய ஆய்வுக்காக லைப்சிக் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

எதிர்ப்பொருள் ஆய்வு

ஆய்வுப் பணியின் நடுவே காசநோய் அவரைப் பற்றியது. எகிப்து நாட்டில் தங்கி உடல்நலம் தேறிய பின், பெர்லினில் மீண்டும் பணியைத் தொடங்கினார். அக்காலத்தில் தொண்டை அடைப்பான் நோய் எண்ணற்ற குழந்தைகளைப் பலிகொண்டது. அந்நோய்க்குப் பேரிங் என்பார் ஊநீர் மருந்தைக் கண்டறிந்திருந்தார்; ஆயினும் அதன் வலிமை ஒவ்வொரு முறையும் வேறுபட்டது. அவ்வலிமையை அளந்தறியும் முறையை எர்லிக் வகுத்தார். அதன் பின்னரே அம்மருந்தை மருத்துவர்கள் நம்பிக்கையுடன் வழங்க இயன்றது.

நம் உடலில் தோன்றும் எதிர்ப்பொருள், பூட்டுக்குரிய திறவுகோல் போலத் தனக்குரிய நச்சுப்பொருளுடன் மட்டும் பொருந்தும் என 1897இல் அவர் விளக்கினார். நோய்த்தடுப்பாற்றல் குறித்த ஆய்வுக்காக 1908இல் மெச்னிகாவ் என்பாருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

606ஆம் சேர்மம்

இலக்கறிந்து தாக்கும் மருந்துக்கு மாயத் தோட்டா என எர்லிக் பெயரிட்டார். சிஃபிலிஸ் என்னும் கொடிய தொற்றுநோய்க்கு அத்தகைய மருந்தைத் தேடி, ஆர்செனிக் கலந்த சேர்மங்கள் பலவற்றை அவர்தம் குழுவினர் ஆக்கினர். பயனற்றது என முன்னர் ஒதுக்கப்பட்ட 606ஆம் சேர்மத்தை, 1909இல் ஜப்பானிய அறிஞர் ஹாட்டா மீண்டும் சோதித்தார். அதுவே நோய் தீர்க்கும் மருந்தாயிற்று. 1910இல் சல்வார்சன் என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

எட்டாத இலக்கு

புற்றுநோய் மட்டும் எர்லிக்குக்கு வசப்படவில்லை. பிராங்பர்ட் நகரில் எலிகளின் கட்டிகளைக் கொண்டு பல ஆண்டுகள் ஆராய்ந்தார். உடலில் தோன்றும் புற்றணுக்களை நோய்த்தடுப்பாற்றலே பெரும்பாலும் அழித்துவிடுகிறது எனக் கருதினார். கிருமி வெளியிலிருந்து வரும் பகை. புற்றணுவோ உடலின் சொந்த அணுவே திரிந்தது. ஆகவே அதனை வேறுபடுத்தி அறிதல் அரிதாயிற்று. விடை காணாமலே 1915ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள் அவர் மறைந்தார்.

பின்னர் நாஜியர் ஆட்சியில், யூதர் என்னும் காரணத்தால் பிராங்பர்ட் நகரத் தெரு ஒன்றிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. அவர்தம் மனைவி ஹெட்விக் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. போருக்குப் பின் அத்தெரு மீண்டும் அவர் பெயரைப் பெற்றது.

விதை மரமான காலம்

1975இல் கோலர், மில்ஸ்டைன் ஆகிய இருவரும் ஒரேவகை எதிர்ப்பொருளைப் பேரளவில் ஆக்கும் முறையைக் கண்டனர். கதிர்வீச்சு கட்டியை அழிக்கும்; ஆனால் அருகிலுள்ள நல்ல அணுக்களையும் சுடும். எதிர்ப்பொருளோ தனக்குரிய இலக்கை அறியும். இவ்விரண்டையும் இணைக்க மருத்துவர்கள் முனைந்தனர். எதிர்ப்பொருளுடன் கதிரியக்க இட்ரியம்-90ஐப் பிணைத்த மருந்துக்கு 2002இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. நிணநீர்ப் புற்றணுக்களைத் தேடிச்சென்று அங்கேயே அது கதிர்வீசுகிறது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குச் செட்டுக்சிமாப் என்னும் எதிர்ப்பொருளையும் கதிர்வீச்சையும் சேர்த்து வழங்க 2006இல் ஒப்புதல் கிடைத்தது. எல்லாப் புற்றுநோயும் இம்முறைகளால் தீர்வதில்லை, பக்கவிளைவுகளும் உண்டு. எனினும் எர்லிக் தொடங்கிய தேடல் இன்றும் தொடர்கிறது.

அருஞ்சொற்பொருள்

ஊநீர் – குருதியின் தெளிந்த நீர்ப்பகுதி
சேர்மம் – தனிமங்கள் கூடி அமைந்த பொருள்
எதிர்ப்பொருள் – நோயை எதிர்க்க உடல் ஆக்கும் புரதம்

பயிற்சி

1. சாயங்களிடம் எர்லிக் கண்ட புதுமை யாது?
2. புற்றணுவை வேறுபடுத்தி அறிதல் அரிதானது ஏன்?
3. கதிர்வீச்சுடன் எதிர்ப்பொருளை இணைப்பதன் பயனை ஐந்து வரிகளில் எழுதுக.
4. பிரித்து எழுதுக: இவ்வெண்ணம், நோய்க்கிருமி.