ஜான் ஹண்டர்

அடிபட்டு வேரோடு கழன்று வீழ்ந்த பல்லை எறிந்துவிடுதலே உலக வழக்கம். அதனைக் காலந்தாழ்த்தாது அதன் குழியிலேயே மீட்டும் பதித்தால் நிலைபெறக்கூடும் என்று நூலெழுதி வற்புறுத்தியோருள் ஒருவர் ஜான் ஹண்டர் என்னும் ஸ்காத்லாந்து நாட்டு இரண வைத்தியர். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இவர் 1728ஆம் ஆண்டு ஸ்காத்லாந்திலே, கிளாஸ்கோ நகரையடுத்த ஈஸ்ட் கில்பிரைடு ஊர்ப்புறத்தில், பத்து மக்களுள் இளையவராய்ப் பிறந்தார். பள்ளிப்படிப்பில் இவருக்கு மனம் பற்றவில்லை. 1748இல் இலண்டன் சென்று, தமையனார் வில்லியம் நடத்திய உடற்கூற்றுப் பள்ளியிற் பிணமறுத்துப் பயின்றார். ஏடு கற்பியாததைக் கத்தி கற்பித்தது போலும்! பின்னர்ப் படையிலே வைத்தியராகிப் போர்த்துக்கல் முதலிய இடங்களிற் பணியாற்றி 1763இல் மீண்டார். கைப்பொருள் சுருங்கியிருந்த அந்நாளில், ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்னும் பல் வைத்தியரோடு கூடி உழைத்தார். பல் பிடுங்குதலைக் கற்றோர் இழிவாக எண்ணிய காலம் அது. ஹண்டரோ அதனையே ஆராய்ச்சிக்குரிய துறையாகக் கொண்டு, மனிதப் பற்களின் இயல்பைப் பற்றி 1771இலும், அவற்றின் நோய்களைப் பற்றி 1778இலும் நூல்கள் வெளியிட்டார்.

அவர் செய்த சோதனைகளுள் வியத்தற்குரியது ஒன்றுண்டு. மனிதரின் பல் ஒன்றைப் பிடுங்கிய உடனே சேவலின் கொண்டையைக் கீறி அதனுட் பதித்தார். அது அங்கே பற்றிக்கொண்டது. பலமுறை முயன்றும் ஒருமுறையே கைகூடிற்று என்பதை அவரே மறையாது கூறியுள்ளார். ஆயினும் அவ்வொன்றைக்கொண்டு, ஒருவர் பல் மற்றொருவர் வாயிலும் உயிரோடு ஒன்றும் என்று துணிந்தார்.

அத்துணிவின் பயன் யாது? பல்லிழந்த செல்வர் பொருட்டு ஏழைச் சிறாரின் நல்ல பற்கள் விலைக்குப் பிடுங்கப்பட்டன. முதல்வர் பல் குழிக்குப் பொருந்தாவிடில் அடுத்தவர் பல்லைப் பார்க்கலாமென்று, பலரை ஆயத்தமாய் நிறுத்தி வைக்கும்படி ஹண்டரே எழுதினார். இதனைப் படிக்குங்கால் அவர்பாற் கொண்ட மதிப்பு நமக்குச் சிறிது தளர்கின்றது. சேவலுக்கு நொந்ததோ யாமறியோம். பல் விற்ற சிறுவனுக்கு நொந்திருக்கும். அவ்வாறு நட்ட பற்கள் நெடுநாள் நிற்கவில்லை, நோயும் தொற்றிற்று. 1787இல் ரோலண்ட்ஸன் என்னும் ஓவியர் இவ்வழக்கத்தை எள்ளிச் சித்திரம் வரைந்தார். நாளடைவில் அவ்வழக்கம் ஒழிந்தது.

எனினும், விழுந்த பல்லை அவரவர் குழியிலே திரும்ப வைக்கலாமென்ற அவர் கூற்று பிழைபடவில்லை. வேரைச் சூழ்ந்த மெல்லிய சவ்வு உயிரோடிருக்கும் வரையிலேதான் பல் செவ்வனே பற்றும் என்பது பிற்காலத்தார் கண்டது. ஆதலின் வேரைத் தொடாமலும் தேய்க்காமலும் முடியைப் பிடித்து, நிலைத்த பல்லாயின் உடனே குழியில் வைக்க வேண்டும். இயலாவிடிற் பாலிலிட்டு, ஒருமணி நேரத்துக்குள் வைத்தியரிடம் சேர்ப்பித்தல் நன்று. பாற்பல்லைத் திரும்ப வைத்தலாகாது. பல் அறவே கெட்டவர்க்கு இன்று பிறர் பல் வேண்டுவதில்லை. டைட்டானியம் என்னும் உலோகம் எலும்போடு இறுகப் பொருந்துதலைச் சுவீடன் நாட்டுப் பிரானேமார்க் கண்டு, 1965இல் மனிதர் தாடையிற் பதித்தார்.

ஹண்டர் 1793ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், செயின்ட் ஜார்ஜ் மருத்துவசாலைக் கூட்டத்தில் வாக்குவாதம் நிகழுங்கால் நெஞ்சுவலியால் வீழ்ந்து இறந்தார். அவர் ஈட்டிய ஆயிரக்கணக்கான உடற்கூற்றுப் பொருள்களை அரசினர் 1799இல் விலைக்கு வாங்கினர். கொண்டையிற் பல் பதிந்த அச்சேவலின் தலையும் அவற்றுள் ஒன்று.