கிளைவ் பிரபுவின் சித்திரமும் சரித்திரமும்

நம் காஞ்சி வரதராஜப் பெருமாளின் திருவாபரணங்களுள் கிளைவ் மகரகண்டி என்பது ஒன்று. அதனைச் சேவித்திருக்கும் நம் குலத்தார் பலர், அதை அளித்தவரென்று கோயில் வழக்கிற் சொல்லப்படும் ராபர்ட் கிளைவ் பிரபுவின் முகத்தைக் கண்டிரார். நத்தானியேல் டான்ஸ் என்னும் ஆங்கில ஓவியர் 1773-ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய படமே அவருடைய படங்களுட் பேர்பெற்றது. மார்பின் குறுக்கே பாத் என்னும் வீரப்பட்டத்திற்குரிய சிவந்த பட்டுப்பட்டையும், அங்கியில் நட்சத்திரப் பதக்கமும் விளங்க அவர் காட்சியளிக்கிறார். பட்டு நெய்யும் நமக்குக் கண் முதலில் அப்பட்டையிலேயே செல்லும்.

ஷ்ராப்ஷயரில் 1725-இற் பிறந்த அவர், 1744-இற் சென்னைக்கு வந்தபொழுது கும்பினியின் எழுத்தராக இருந்தார். வருஷச் சம்பளம் 5 பவுன். அந்நாளில் கும்பினியின் சென்னை வியாபாரம் நெசவாளர் நெய்த பருத்தித் துணியையே பெரிதும் நம்பியிருந்தது. பின்னாளிற் பிரபுவானவர் முதலிற் பயின்றது துணிப்பொதிக் கணக்கே.

1751-இல் சந்தா சாகிபு திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டிருக்க, கிளைவ் 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் காஞ்சி வழியாகச் சென்று ஆர்க்காட்டைக் கைப்பற்றி, 50 நாள் முற்றுகையைத் தாங்கினார். அவ்வாண்டின் முடிவில் பிரெஞ்சுக்காரர் அரணாகக் கொண்டிருந்த நம் ஊர்ப் பெருங்கோயிலின்மீது பீரங்கி சுட்டு அவர்களை வெளியேற்றியவரும் அவரே. மதிலிற் குண்டு பொழிந்த கையே பெருமாளுக்கு மகரகண்டியும் சாத்தியது என்னும் வழக்கை நம் முன்னோர் வேற்றுமையின்றிப் போற்றி வந்தனர். நாமும் அதனைக் குறைகூறோம்.

ஆயினும் கணக்கு அதனோடு தீரவில்லை. 1757-இற் பிளாசிப் போரில் மீர் ஜாபருக்கு நவாபுப் பதவி கிடைக்க, கிளைவுக்கு 2,34,000 பவுன் கிடைத்தது. 1765-இல் வங்கத்தின் திவானி உரிமை கும்பினிக்கு வந்தது. பிளாசிக்குப்பின் அந்நாட்டு நெசவாளர், கும்பினிக் குமாஸ்தாக்கள் வலிந்து திணித்த முன்பணத்தை வாங்கி, சந்தை விலைக்குக் குறைந்த விலையில் துணி கொடுக்க நேர்ந்தது. முன்பணத்தின் பாரம் இன்னதென்று தறிக்குழியில் உட்கார்ந்தவருக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1770-இற் கொடும் பஞ்சமும் அந்நாட்டை வாட்டியது.

1773-இல் ஆங்கிலப் பாராளுமன்றம் அவர் அத்தொகையைப் பெற்றது மெய்யென்றும், தம் நாட்டுக்குப் பெருந்தொண்டு புரிந்தாரென்றும் ஒருங்கே தீர்மானித்தது. மறு ஆண்டு நவம்பர் 22-இல், 49-ஆம் பிராயத்தில், லண்டனிலுள்ள தம் மாளிகையில் அவர் உயிர் நீத்தார். தாம் பிறந்த ஊருக்கு அண்மையிலுள்ள மோர்ட்டன் சே தேவாலயத்தில், பெயர் பொறித்த கல்லுமின்றி அவர் அடக்கம் செய்யப்பட்டார்.