சோப்புக்குள் ஒளிந்திருந்த நானோ அச்சு: யார் இந்த ஓட்டோ லேமன்?

ஒரு பொருள் ஒன்று திடமா இருக்கணும், இல்லைன்னா திரவமா இருக்கணும். தண்ணீர் போலப் பாயும் ஒன்று, படிகம் போல ஒழுங்காகவும் இருக்க முடியுமா? முடியும் என்று 1889-ல் அடித்துச் சொன்னார் ஜெர்மன் இயற்பியலாளர் ஓட்டோ லேமன். எல்சிடி திரை முதல் நானோ துளைகள் கொண்ட பாலிமர் வரை அந்தக் கண்டுபிடிப்பின் வழியில் வந்தவைதான். ஆனால், அதை மற்றவர்களை நம்பவைக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அப்பாவிடமிருந்து வந்த ஆர்வம்

1855 ஜனவரி 13-ல் கான்ஸ்டன்ஸ் நகரில் பிறந்தார் லேமன். அப்பா கணித ஆசிரியர், மைக்ராஸ்கோப் பிரியர். அந்த ஆர்வம் மகனையும் தொற்றிக்கொண்டது. ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் படிகவியல் அறிஞர் பால் க்ரோத்திடம் படித்தார். பிறகு சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியர் வேலை. ஆனாலும் மைக்ராஸ்கோப்பை விடவில்லை. பொருளைச் சூடாக்கிக்கொண்டே, அது உருகுவதையும் படிகமாவதையும் பார்க்கும்படி தன் மைக்ராஸ்கோப்பை மாற்றி அமைத்தார்.

பிராகிலிருந்து ஒரு கடிதம்

1888 மார்ச் 14 அன்று, பிராகில் இருந்த தாவரவியலாளர் ஃப்ரீட்ரிச் ரைனிட்சர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கூடவே கொலஸ்டீரைல் பென்சோயேட் மாதிரியும் வந்தது. அது ஒரு விசித்திரமான பொருள். 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கலாகும், 178.5 டிகிரியில்தான் தெளியும். ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா?

துருவ ஒளியில் வைத்துப் பார்த்தார் லேமன். அந்த ஒளியில் சாதாரண திரவம் இருட்டாகத் தெரியும். பெரும்பாலான படிகங்கள் பளிச்சிடும். இந்தக் கலங்கல் திரவமோ, பாய்ந்துகொண்டே பளிச்சிட்டது. 1889-ல் 'பாயும் படிகங்கள்' பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அதே ஆண்டில் கார்ல்ஸ்ரூஹேயில் ஹெயின்ரிச் ஹெர்ட்ஸ் வகித்த பேராசிரியர் பதவியும் அவருக்குக் கிடைத்தது.

நம்ப மறுத்தவர்கள்

எதிர்ப்பும் கிளம்பியது. அது கலப்படமான குழம்புதான், புது நிலை எல்லாம் இல்லை என்று வாதிட்டார் வேதியியலாளர் குஸ்டாவ் டம்மான். கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு என்பதில் ரைனிட்சருடனும் உரசல் வந்தது. நெளிந்து வளரும் இந்தப் படிகங்களை லேமன் உயிரோடு ஒப்பிட்டு எழுதியது இன்னும் விமர்சனத்தைக் கிளப்பியது. இதற்கிடையே, ஹாலே நகரில் டேனியல் ஃபோர்லேண்டர் இத்தகைய பொருள்களை நூற்றுக்கணக்கில் தயாரித்ததால், கலப்படம் என்ற வாதம் வலுவிழந்தது.

சோப்பில் என்ன இருந்தது?

சோப்பு வகைப் பொருளான அம்மோனியம் ஓலியேட்டிலும் இதே நிலையைப் பார்த்தார் லேமன். சோப்பு மூலக்கூறின் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும்; வாலுக்குப் பிடிக்காது. அதனால் அடர்த்தி கூடும்போது, வால்களை உள்ளே மறைத்துக்கொண்டு உருளைகளாகத் திரளும். அந்த உருளைகள் தேன்கூடு போல அடுக்கிக்கொள்ளும். யாரும் அடுக்கிவைக்க வேண்டாம். எல்லாம் தானாகவே நடக்கும்.

இந்த அடுக்கைத்தான் இன்றைய ஆய்வாளர்கள் அச்சாகப் பயன்படுத்துகிறார்கள். உருளைகளுக்கு இடையே பாலிமராக மாறக்கூடிய சிறு மூலக்கூறுகளைச் சேர்த்து, புற ஊதா ஒளியால் இறுக வைப்பார்கள். பிறகு சோப்பைக் கழுவி எடுத்தால், அது இருந்த இடமெல்லாம் துளை. சிலை வார்ப்பவர்கள் மெழுகை உருக்கி வெளியேற்றுவது மாதிரிதான். துளையின் அகலம் சில நானோமீட்டர். தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர்.

1992-ல் மொபில் நிறுவன ஆய்வாளர்கள் இந்த வழியில் சிலிக்காவில் சீரான துளைகளை உருவாக்கிக் காட்டினர். பாலிமரில் இது அவ்வளவு சுலபமில்லை. இறுகும்போதே அடுக்கு கலைந்துவிடலாம். சோப்பு வெளியேறியதும் துளைகள் சுருங்கலாம். அதனால் சில ஆய்வாளர்கள், அடுக்கிக்கொள்ளும் மூலக்கூறுகளையே ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறார்கள். தண்ணீரைச் சுத்திகரிக்கும் நுண் சல்லடைகள் இந்த ஆய்வின் முக்கிய இலக்குகளில் ஒன்று.

கிடைக்காத நோபல்

லேமனின் பெயர் நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டது. பரிசு கிடைக்கவே இல்லை. 1922 ஜூன் 17-ல் கார்ல்ஸ்ரூஹேயில் இறந்தார். அதே ஆண்டில்தான் பிரான்ஸின் ஜார்ஜ் ஃப்ரீடல் இந்த நிலைகளை வகைப்படுத்தி, அவை திடத்துக்கும் திரவத்துக்கும் இடைப்பட்ட தனி நிலைகள் என்று விளக்கினார். 'திரவப் படிகம்' என்ற பெயர் ஃப்ரீடலுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உலகம் இன்றுவரை லேமன் வைத்த அந்தப் பெயரைத்தான் சொல்கிறது.