தோட்டாவை நிறுத்திய ஃபிளாஷ்

ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றித் தள்ளி வெச்சு, ட்ரிக்கரில் அடிக்கிறீங்களா? அப்போ ஹரால்ட் எட்ஜர்ட்டனைத் தெரிஞ்சுக்கோங்க.

1903இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பிறந்தவர். எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரிக்கல் ஆராய்ச்சி மாணவர். ஓடுற மோட்டாரில் என்ன நடக்குதுன்னு கண்ணுக்குத் தெரியல. சுழற்சிக்கு ஏற்ற வேகத்தில் ஒளியை மின்ன விட்டார். மோட்டார் நின்ன மாதிரி தெரிஞ்சது! 1931இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1964இல் ஆப்பிளைத் துளைக்கும் தோட்டாவைப் படமெடுத்தார். அந்த வேகத்துக்கு ஷட்டர் ஈடுகொடுக்குமா? இருட்டறையில் ஷட்டரைத் திறந்தே வைத்தார். வெடிச்சத்தம் மைக்கில் பட்டதும் ஃபிளாஷ் ஒரே ஒரு கணம் மின்னியது. அவ்வளவுதான் எக்ஸ்போஷர்.

1990இல், 86 வயதில், எம்.ஐ.டி.யிலேயே உயிர் பிரிந்தது.

அடுத்த முறை தண்ணீர்ச் சொட்டை எடுக்கும்போது அறை விளக்கை அணைச்சிட்டு, ஃபிளாஷை மேனுவலில் 1/64க்கு இறக்குங்க. பவர் குறைஞ்சா மின்னும் நேரமும் குறையும்; சொட்டு அப்படியே அந்தரத்தில் நிற்கும்.