பொரேதாகா முதல் போய்ரோ வரை

போட்டித் தேர்வுக்குப் படித்தபோது ஆப்பிரிக்க ஒன்றியம், தலைமையகம் அடிஸ் அபாபா என்று நம்மில் பலர் உருப்போட்டிருப்போம். அதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு. தேர்ந்தெடுக்கப்பட்ட அதன் முதல் பொதுச்செயலாளர் யார் என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் பெயர் பூபக்கார் தியாலோ தெல்லி. சட்டம் படித்து, அரசு வழக்கறிஞராக வேலை பார்த்து, பிறகு உலக அரங்கில் ஒரு கண்டத்துக்காக வாதாடிய மனிதர். நம்ம மலரில் அவரைப் பற்றி நாலு பக்கம் வந்தால் தப்பில்லை என்று தோன்றியது.

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி என்றொரு நாடு. அதன் மலைப்பகுதியான ஃபூத்தா ஜாலோனில் பொரேதாகா என்ற ஊரில் 1925-ல் பிறந்தார் தெல்லி. ஃபுலானி இனத்தவர். அந்த ஊருக்கு ஒரு கதை உண்டு. 1896-ல் பிரெஞ்சுப் படை ஃபூத்தா ஜாலோன் அரசரைத் தோற்கடித்தது அங்கேதான். ராஜ்யம் போன மண்ணில் பிறந்த பையன், ஜெயித்தவர்களுடைய பள்ளியில் படித்து, கடைசியில் பாரிஸில் அவர்களுடைய காலனி அதிகாரிகளைத் தயார் செய்யும் கல்லூரிக்கே போய்ச் சேர்ந்தான். சட்டத்தில் டாக்டர் பட்டமும் வாங்கினான்.

செனகலில் தியெஸ் நகர நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வழக்கறிஞராக ஆரம்பித்த வேலை, வேகமாக மேலே போனது. 1955-ல் டக்கார் நகரில் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்க ஹை கமிஷனரின் அலுவலகத்தில் பெரிய பொறுப்பு. 1957-ல் அந்தப் பிரதேசங்களின் மாமன்றத்துக்குப் பொதுச்செயலாளர். அப்படியே இருந்திருந்தால் நிம்மதியாகப் பென்ஷன் வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

1958 செப்டம்பர் 28. பிரெஞ்சு சமூகத்தில் சேர்ந்து இருக்கிறீர்களா என்று தெ கோல் வாக்கெடுப்பு நடத்தினார். ஆப்பிரிக்கப் பிரதேசங்களில் 'மாட்டோம்' என்று சொன்னது கினி மட்டும்தான். தொழிற்சங்கத் தலைவராக இருந்து வந்த செக்கு தூரே சொன்னதை ஜனங்கள் கேட்டார்கள். அக்டோபர் 2-ல் சுதந்திரம். பிரான்சுக்கு வந்த கோபத்தில் அதிகாரிகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிட்டார்கள். ஆபீஸ்களில் ஃபைல் இல்லை, உபகரணம் இல்லை. கல்லூரிப் படிப்பு முடித்த கினிக்காரர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தெல்லி டக்காரை விட்டுவிட்டு நாட்டுக்கு வேலை செய்ய வந்தார்.

உடனே நியூயார்க் அனுப்பப்பட்டார். பாதுகாப்பு கவுன்சிலில் பிரான்ஸ் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டது. மற்ற பத்துப் பேரும் ஆதரித்தார்கள். டிசம்பர் 12-ல் கினி ஐ.நா. உறுப்பினர் ஆனது. முப்பத்துமூன்று வயசுகூட முழுசா ஆகியிருக்குமோ என்னவோ, அந்த நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தவர் தெல்லி.

அங்கே அவர் செய்த பெரிய வேலை தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிரானது. அதற்கென்று ஐ.நா. அமைத்த சிறப்புக் குழு 1963 ஏப்ரலில் கூடியபோது அதன் முதல் தலைவர் இவர்தான். குழுவின் செயலாளர் யார் தெரியுமா? மெட்ராஸ் யுனிவர்சிட்டியில் படித்த ஈ.எஸ். ரெட்டி! மேற்கத்திய நாடுகள் எட்டிப் பார்க்காத குழு அது. இருந்தாலும் அறிக்கைக்கு மேல் அறிக்கையாகப் போட்டார்கள். நெல்சன் மண்டேலாவும் தோழர்களும் ரிவோனியா வழக்கில் நிறுத்தப்பட்ட நேரத்தில், 1963 அக்டோபர் 11-ல், வழக்கைக் கைவிட்டு அரசியல் கைதிகளை விடுதலை செய்யச் சொல்லி ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. ஆதரவு 106, எதிர்ப்பு 1. அந்த ஒரு ஓட்டு தென்னாப்பிரிக்காவுடையது. அடுத்த வருஷம் மண்டேலாவுக்குத் தூக்கு விழாமல் ஆயுள் தண்டனையோடு நின்றதில் இந்த உலக நெருக்கடிக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

1964 ஜூலையில் கெய்ரோ மாநாடு அவரை ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்புக்குத் தேர்ந்தெடுத்தது. பதவியின் பெயரைக் கவனியுங்கள்: 'நிர்வாகப்' பொதுச்செயலாளர். ஃபைலைப் பார்த்துக்கொள், அரசியல் பேசாதே என்பதுதான் அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம். சைட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பொறுப்பு முழுக்க நம்ம தலையில், கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும் வேறொருத்தர் கையில்.

தெல்லி சும்மா இருக்கிற ஆள் இல்லை. பேசினார், அலைந்தார், ஜனாதிபதிகளையே விமர்சித்தார். பல தலைவர்களுக்கு அவர் கண்ணில் விழுந்த தூசி. 1965-ல் ரொடீஷியாவில் வெள்ளையர் அரசு தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்தபோது, அதை அடக்காவிட்டால் பிரிட்டனோடு உறவை முறிப்போம் என்று அமைப்பு முடிவெடுத்தது. கெடு வந்ததும் பெரும்பாலான நாடுகள் நழுவிவிட்டன. 1966-ல் அவர் கூட்டிய கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த கினி வெளியுறவு அமைச்சரையே அக்ரா விமான நிலையத்தில் கானா பிடித்து வைத்தது. சமரசம் பேச வேண்டிய அமைப்பின் செயலாளரும் கினிக்காரர்! எப்படி இருந்திருக்கும் அவர் நிலைமை?

எட்டு வருஷம் ஓட்டினார். 1972-ல் ரபாத் மாநாட்டில் அந்தப் பதவி காமரூன்காரர் ஒருவருக்குப் போனது.

எனக்கு விளங்காத இடம் இனிமேல்தான். அதற்குள் கினி மாறிப்போயிருந்தது. 1970 நவம்பரில் போர்ச்சுக்கல் படை கொனாக்ரி மேல் நடத்திய தாக்குதலுக்குப் பிறகு செக்கு தூரேக்கு எல்லோர் மேலும் சந்தேகம். 1971 ஜனவரியில் பகிரங்கமாகத் தூக்கிலிட்டார்கள். அமைச்சர்களே போய்ரோ முகாம் சிறைக்குள் காணாமல் போனார்கள். தெல்லி இதையெல்லாம் அறியாதவர் இல்லை. நண்பர்களும் எச்சரித்தார்கள். ஆனாலும் ஊர் திரும்பினார், நீதித்துறை அமைச்சராகவும் ஆனார். விசுவாசமா, தன் பெயரே தன்னைக் காக்கும் என்ற நம்பிக்கையா? நாடு வேண்டும் என்பவன் நாட்டுக்குள்தானே இருக்கணும் என்று நினைத்திருக்கலாம். செக்கு தூரேயை அவர் பகிரங்கமாக எதிர்க்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. நீதி அமைச்சர் என்று பெயர்தான். போய்ரோவில் யாரை அடைப்பது, யாரை விசாரிப்பது என்பதெல்லாம் ஜனாதிபதியின் உறவினர்கள் கையில் இருந்தது.

1976 ஜூலை 18-ல் அவரைக் கைது செய்தார்கள். ஃபுலானி சதிக்குத் தலைவர், அமெரிக்க உளவாளி என்று குற்றச்சாட்டு. சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கி அதை ரேடியோவில் போட்டார்கள். வழக்கறிஞர் கிடையாது, முறையான விசாரணை கிடையாது. அந்தச் சிறையில் ஒரு தண்டனைக்குக் 'கறுப்புப் பத்தியம்' என்று பெயர். அறைக்குள் பூட்டி, சோறும் தண்ணீரும் கொடுக்காமல் சாகும்வரை விட்டுவிடுவது. 1977 மார்ச் 1-ஆம் தேதி தெல்லி அப்படித்தான் செத்தார். ஐம்பத்திரண்டு வயசைத் தாண்டவில்லை. உடல் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை.

அதே வருஷம் ஜூலையில் லிப்ரவில் நகரில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் உச்சிமாநாடு நடந்தது. தங்கள் முன்னாள் பொதுச்செயலாளருக்காக ஒரு தீர்மானமும் போடவில்லை. உறுப்பு நாடுகளின் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை என்பது அமைப்பின் சாசனம். எட்டு வருஷம் அந்தச் சாசனத்தைக் கட்டிக் காத்தவர் தெல்லியேதான்.

1984 மார்ச்சில் செக்கு தூரே அமெரிக்க மருத்துவமனையில் இறந்தார். சில நாட்களில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, போய்ரோவில் எஞ்சியிருந்தவர்களைத் திறந்து விட்டது. 2002-ல் பிறந்த ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு: இனப்படுகொலை, மனித குலத்துக்கு எதிரான குற்றம் போன்றவை நடந்தால் உறுப்பு நாட்டுக்குள் ஒன்றியம் தலையிடலாம். நாலாவது சரத்தில் இருக்கிறது.