மீனறிஞர் புளோக்

மீனியல் பயில்வோர் மார்க்கஸ் எலீசர் புளோக் என்னும் பெயரைச் சந்திக்காமல் இருத்தல் அரிது. ஆயினும் அவர் வாழ்க்கையை நம்மில் பலர் அறியோம். பிற மொழியில் அறிவியல் கற்கும் நமக்கு அது மிக நெருக்கமானது. ஆதலின் இதனை எழுத முற்பட்டேன்.

புளோக் 1723-இல் ஜெர்மனியின் அன்ஸ்பாக் நகரில் வறிய யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். பத்தொன்பது வயது வரை எபிரேயச் சமயக் கல்வியன்றி வேறு கல்வி அவருக்குக் கிட்டவில்லை. ஜெர்மன் நூல்களைப் படிக்கத் தெரியாது, இலத்தீனும் தெரியாது. ஹாம்பர்க் நகரில் ஓர் அறுவை மருத்துவர் வீட்டில் தங்கி, அவ்விரு மொழிகளையும் உடற்கூற்றியலையும் கற்றார். பின்னர் மருத்துவப் பட்டம் பெற்றுப் பெர்லினில் புகழ்மிக்க மருத்துவரானார்.

மீன்களைப் பற்றிய அவரது பெருநூலின் முதற்பகுதி 1782-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது! 1795-க்குள் பன்னிரண்டு பகுதிகளும் 432 படத்தகடுகளும் நிறைவுற்றன. கைப்பொருள் கரைந்தபின் செல்வர் பலர் துணைநின்றனர்.

இந்தியாவுக்கு அவர் வந்ததேயில்லை. நம் கடல்மீன்கள் அவர் கைக்கு எட்டியது எவ்வாறு? அந்நாளில் டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடிக்கு 1771-இல் வந்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்னும் பாதிரியார், 1813-இல் மறையும்வரை அங்கேயே தொண்டாற்றினார். அவர்தாம் மீன்களைப் பதப்படுத்திப் பெர்லினுக்கு அனுப்பியவர். மீன்களோடு அவற்றின் தமிழ்ப் பெயர்களும் கடல் கடந்தன.

1793-இல் புளோக் நம் கத்தாளை மீனுக்கென ஒரு புதிய பேரினம் அமைத்தார். நன்றி மறவாது, ஜானின் பெயரால் அதனை 'ஜோனியஸ்' என்றார். அதில் ஒரு சிற்றினத்திற்கு 'ஜோனியஸ் கருத்தா' என்று பெயரிட்டார். கருத்த கத்தாளை என்னும் நம் வழக்கே அது!

இன்று இப்பேரினத்தை அறிய மீனை அறுத்துப் பார்க்கிறோம். சுத்தியல் போன்ற காற்றுப்பையும், பெரிய செவிக்கல்லும் அடையாளங்கள். அப்பையை ஒட்டிய தசைகள் துடிப்பதாலேயே கத்தாளை ஒலி எழுப்புகிறது. பேரினத்தின் எல்லையைப் பின்வந்தோர் திருத்தினர், பெயர் நிலைத்தது.

1799-இல் புளோக் மறைந்தார். 1,500-க்கும் மேற்பட்ட மீனினங்களை அடக்கிய அவரது இறுதி நூலை ஷ்னைடர் என்னும் அறிஞர் முடித்து, 1801-இல் வெளியிட்டார்.

பேரினப் பெயரில் ஜான் வாழ்கிறார்; அதன் பின்னே புளோக்கின் பெயரும் ஆண்டும் தொடர்கின்றன. மீனைப் பிடித்து, இது கருத்த கத்தாளை என்று பிரித்துச் சொன்ன பரதவரின் பெயர் எங்குமில்லை. அவர் சொல் மட்டும் இருக்கிறது. வகைப்படுத்தும் வேலையின் முதற்படி அவருடையதன்றோ?

திருவனந்தபுரத்தில் கத்தாளையைக் 'கோர' என்கின்றனர். என் ஆய்வுக் குறிப்பேட்டில் இலத்தீன் பெயருக்கு அருகே இவ்விரு பெயர்களையும் எழுதுகிறேன். கடற்கரை ஊர்களுக்கு விடுமுறையில் செல்லும் நண்பர்களே, உங்கள் துறையில் வழங்கும் மீன்பெயர்களைக் கேட்டு எழுதி வாருங்கள். சொன்னவர் பெயரையும் மறவாது குறித்து வாருங்கள்.